ஆபீஸ் பலகையில் பிரெய்லி போடப் போகிறீர்களா?

பெயர்ப்பலகைக் கடைக்காரர்களும் அவர்களிடம் ஆர்டர் கொடுக்கும் மேலாளர்களும் படிப்பதற்காக இதை எழுதுகிறேன். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பள்ளியில் பிரெய்லி கற்றுக்கொடுத்து ஓய்வுபெற்றேன். இப்போது பலகைகள் சுவருக்குப் போகும் முன் விரலால் படித்துப் பிழை திருத்தித் தருகிறேன். வருகிற பலகைகளில் பலவும் கண்ணுக்குத்தான் பிரெய்லி, விரலுக்கு வெறும் சொரசொரப்பு.

முதல் தப்பு அளவில். பலகை இரண்டடி அகலம் என்றால் பிரெய்லியையும் இரண்டடிக்கு இழுத்துவிடுகிறார்கள். ஆறு புள்ளி கொண்ட ஒரு செல் விரல்நுனிக்குள் ஒரே தொடுதலில் அடங்க வேண்டும். பெரிதாக்கினால் தெளிவாகாது, படிக்கவே முடியாமல் போகும். நான் கடைகளுக்கு எழுதிக் கொடுப்பது, மாற்றுத்திறனாளிகளும் கட்டடங்களைப் பயன்படுத்துவதற்கான அமெரிக்காவின் 2010 அணுகல் தரத்தில் உள்ள அளவுகள். புள்ளியின் அடி விட்டம் 1.5 முதல் 1.6 மி.மீ., உயரம் 0.6 முதல் 0.9 மி.மீ. ஒரே செல்லுக்குள் பக்கத்துப் புள்ளிக்கு, மையத்திலிருந்து மையம், 2.3 முதல் 2.5 மி.மீ. அடுத்த செல்லில் அதே இடத்துப் புள்ளிக்கு 6.1 முதல் 7.6 மி.மீ. அடுத்த வரிக்கு 10 மி.மீ. செல் இடைவெளியில் 7.6 வரை போகலாம் என்றாலும் நான் 6.2தான் கேட்பேன். அதற்கு மேல் போனால் சொல் சொல்லாக வராது, எழுத்து எழுத்தாக உதிரும். ‘மகளிர் கழிவறை’ இடைவெளியோடு சேர்த்து 13 செல். 6.2 என்று வைத்தால் மொத்தமே 8 செ.மீ. மீதி இடம் காலியாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

புள்ளியின் தலை உருண்டையாக இருக்க வேண்டும். அக்ரிலிக்கில் துளை போட்டுக் குட்டி மணிகளை அழுத்திப் பதிப்பது நன்றாக வருகிறது. தகட்டை அமிலத்தில் அரித்துச் செய்தால் தலை தட்டையாகி ஓரம் கீறும். மேலே பளபளப்புக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். அது புள்ளிகளுக்கு நடுவே தேங்கி உயரத்தைத் தின்றுவிடும். ஸ்டிக்கரில் கறுப்புப் புள்ளியாக அச்சடித்து ‘பிரெய்லி போட்டாச்சு’ என்பவர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன சொல்ல! வெயில் படும் வெளிச்சுவரில் ஸ்டீல் தகடும் வேண்டாம். சித்திரை மாத மதியத்தில் ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது எழுத்து மாற்றம். நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஒரு கடையிலிருந்து வந்த மாதிரியில் எஃப், ஓ, பி, டி, ஐ, டபிள்யூ என்று இங்கிலீஷ் எழுத்துகளாக வந்தன. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்த பிறகுதான் பிடிபட்டது. ‘கழிவறை’ என்று பாமினியில், அதாவது இங்கிலீஷ் சாவிகளில் தமிழ் வடிவத்தை ஒட்டவைத்த பழைய எழுத்துருவில், தட்டச்சு செய்து, அதன் மேல் ஏதோ பிரெய்லி எழுத்துருவை மாற்றிவிட்டிருக்கிறார்கள். பாமினியில் அந்தச் சொல்லுக்கு அழுத்தும் சாவிகள் அவைதான். ஆகவே தமிழை யூனிகோடில் அடியுங்கள். பாரதி பிரெய்லி (இந்திய மொழிகளுக்கான பொதுப் பிரெய்லி) முறைத் தமிழுக்கு மாற்றத் தெரிந்த மென்பொருளில்தான் மாற்றுங்கள். எழுத்துரு மாற்றுவதும் பிரெய்லி மாற்றமும் ஒன்றல்ல.

வந்ததைச் சரிபார்க்க இரண்டு இடம் போதும். அச்சில் கொம்பு முன்னால் வரும், பிரெய்லியில் உயிர் எப்போதும் பின்னால்தான். ‘கொ’ என்றால் க, அதன் பிறகு ஒ, அவ்வளவுதான். கொம்புக்கும் காலுக்கும் தனித்தனி செல் கிடையாது. மெய்யெழுத்தின் புள்ளி இதற்கு நேர்மாறு: 4ஆம் புள்ளி (செல்லின் வலது மேல் மூலை) மட்டும் உள்ள செல் முதலில் வரும், எழுத்து அப்புறம். ‘ஆண்கள்’ என்பது ஆ, புள்ளி, ண, க, புள்ளி, ள. வடிவமைப்பவர் ‘புள்ளி இடம் மாறியிருக்கிறதே’ என்று நல்ல எண்ணத்தில் பின்னால் தள்ளினால் ‘ஆணக்ள’ என்று வரும், கடைசியில் ஒரு புள்ளி அநாதையாகத் தொங்கும்.

எண்ணுக்கு முன்னால் எண்குறி, அதாவது ‘இனி வருவது எண்’ என்று சொல்லும் செல், கட்டாயம். 1க்கும் அகரத்துக்கும் ஒரே செல், 3க்கும் சகரத்துக்கும் ஒரே செல். குறி இல்லாவிட்டால் 13ஆம் அறை ‘அச’ அறை ஆகிவிடும். அந்த எண்குறியே ணகரத்தின் செல்லும் ஆகும் என்பதால் ‘அறை’க்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு செல் விடுங்கள்.

தமிழையும் இங்கிலீஷையும் ஒரே வரியில் கலக்காதீர்கள். செல்கள் ஒன்றுதான், மதிப்பு வேறு. தமிழில் ட என்று படிக்கும் செல், சுருக்க இங்கிலீஷ் பிரெய்லியில் ‘வித்’ என்ற முழுச் சொல். தமிழ் மேல் வரி, இங்கிலீஷ் கீழ் வரி. தமிழில் சுருக்கெழுத்து வேண்டாம்.

பிரெய்லி, அச்செழுத்துக்கு நேர் கீழே இடது ஓரமாகத் தொடங்கட்டும். சுற்றிலும் 1 செ.மீ. வெறுமையாக விடுங்கள். பூவேலைக் கோடும் லோகோவும் தள்ளியே நிற்கட்டும். அச்செழுத்தையும் மேலெழும்பியதாகச் செய்தால் இன்னும் நல்லது. நடுவயதில் பார்வை போன பலருக்குப் பிரெய்லி தெரியாது, எழுத்தின் வடிவம் தெரியும்.

மாட்டும் இடம்: கதவின் மேல் அல்ல, பக்கத்துச் சுவரில், கைப்பிடி இருக்கும் பக்கம். கதவில் இருந்தால், படித்துக்கொண்டிருக்கும்போதே உள்ளிருந்து யாராவது திறந்து மூக்கைப் பெயர்ப்பார்கள். தரையிலிருந்து 122 செ.மீ.க்கும் 152 செ.மீ.க்கும் இடையில் எழுத்து இருக்க வேண்டும். அதற்குக் கீழே செருப்பு ஸ்டாண்டும் தண்ணீர் கேனும் இருந்தால் நாங்கள் பலகையை எட்டவே முடியாது. லிப்டில் பொத்தானின் மேல் போடாதீர்கள், படிக்கும்போதே அழுந்தி எல்லா மாடியிலும் நிற்கும். பொத்தானுக்கு இடது பக்கம் போடுங்கள்.

‘பெயருக்கு ஒன்று மாட்டிவிடு சார்’ என்று சொல்லும் மேலாளர்களுக்கு ஒரு வார்த்தை. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. மறுபடி செய்யும் செலவு உங்களுடையது.

மொத்தமாக அடிக்கும் முன் ஒரே ஒரு மாதிரி செய்து, பிரெய்லி தினமும் படிக்கும் ஒருவரிடம் கொடுங்கள். அருகில் பார்வையற்றோர் பள்ளி இருந்தால் அங்கே கேட்கலாம். ‘மகளிர் கழிவறைன்னு சரியா இருக்கா?’ என்று கேட்காதீர்கள். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லாமல் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கும் செல்லைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகும் அவரையே ஒரு முறை வரவழையுங்கள். தலைகீழாக மாட்டிய பலகைகளையும் நான் படித்திருக்கிறேன். இந்த இரண்டு வேலைக்கும் கூலியைப் பில்லிலேயே சேர்த்துவிடுங்கள்.