பயோடீசலைத் தண்ணீர் இல்லாமல் தூய்மைப்படுத்துதல்: உமிச்சாம்பலும் மக்னீசியம் சிலிகேட்டும்

புங்க எண்ணெயை மெத்தனாலுடனும் வினையூக்கியான காரத்துடனும் வினைபுரியச் செய்து, அடியில் தங்கும் கிளிசராலை வடித்த பின்னரும், மேலே நிற்கும் பயோடீசலில் சோப்பு, மெத்தனால், வினையூக்கியின் எச்சம், சிறிதளவு கிளிசரால் ஆகியவை கலந்தே இருக்கும். தண்ணீரால் கழுவினால் இவை நீங்கும். ஆனால் சோப்பு மிகுந்தால் பால்போன்ற குழம்பு உருவாகிப் பிரிய மறுப்பதோடு கழிவுநீரும் பெருகும். இவ்வழுக்குகளைத் தன் பரப்பில் ஈர்த்துக்கொள்ளும் பொடியைப் பயன்படுத்தினால் அத்தொல்லை இல்லை.

எந்தப் பொடி என்பதைவிட முக்கியமானது, அதைச் சேர்க்குமுன் மெத்தனாலை நீக்குவதுதான். மெத்தனால் சோப்பைக் கரைசலிலேயே பிடித்துவைக்கும். பொடியின் பரப்பையும் அடைத்துக்கொள்ளும். அது 64.7 பாகை செல்சியசில் கொதிக்கும். ஆவி நச்சுத்தன்மையும் எளிதில் தீப்பற்றும் இயல்பும் கொண்டது. ஆகவே திறந்த அடுப்பைத் தவிர்த்து, குளிர்விப்பான் பொருத்திய மூடிய கலத்தில், இயன்றால் வெற்றிடத்தின் துணையோடு ஆவியாக்கி வடிக்க வேண்டும்.

பின்னர் ஏறத்தாழ 65 பாகை வெப்பத்தில், பயோடீசலின் எடையில் 1 விழுக்காடு செயற்கை மக்னீசியம் சிலிகேட்டைத் தூவி, 20 முதல் 30 நிமிடம் கலக்கி, ஒரு மைக்ரான் வடிகட்டியில் வடிக்கவும். உமிச்சாம்பலானால் 4 விழுக்காடு வரை தேவைப்படலாம். அரிசி ஆலைச் சாம்பல் எல்லாமே இதற்கு உதவாது. மிகுந்த வெப்பத்தில் எரிந்த சாம்பலில் சிலிகா படிகமாகி, நுண்துளைகள் குறைந்துவிடும். அதன் தூசி நுரையீரலுக்கும் கேடு. அளவான வெப்பத்தில் எரிந்த சாம்பலைச் சலித்து, ஈரம் போக உலர்த்தி, முகக்கவசம் அணிந்தே கையாள வேண்டும்.

அயனிப் பரிமாற்ற ரெசினும் (ஓர் அயனியை ஈர்த்து வேறோர் அயனியை விடும் செயற்கைப் பிசின்) சோப்பை நீக்கும். ஆயினும் சோடியத்தை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜனைக் கொடுப்பதால் சோப்பு கொழுப்பு அமிலமாக மாறி எண்ணெயிலேயே தங்குகிறது. புங்க எண்ணெயில் இயல்பாகவே அமிலம் மிகுதி என்பதால், இதை முதல் தேர்வாக நான் சொல்லமாட்டேன்.

முழுமையடையாத வினையை எந்தப் பொடியும் சரிசெய்யாது. ஆதலால் தூய்மைப்படுத்தத் தொடங்குமுன்பே, 27 மில்லிலிட்டர் மெத்தனாலில் 3 மில்லிலிட்டர் பயோடீசலைக் குலுக்கிப் பார்க்கவும். அடியில் வினைபுரியாத எண்ணெய் தங்கினால் மீண்டும் வினைபுரியச் செய்வதே வழி. பொடியை வடிகட்டிய பின் எஞ்சிய சோப்பைப் புரோமோபீனால் நீல நிறங்காட்டியும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொண்டு அளந்தறியலாம். ஐரோப்பியத் தரமான ஈஎன் 14214, தனிக் கிளிசராலுக்கு (கொழுப்போடு பிணையாமல் தனித்திருப்பது) 0.02 விழுக்காட்டையும், சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து கிலோவுக்கு 5 மில்லிகிராமையும் உச்ச வரம்பாக வைத்துள்ளது. இவற்றை ஆய்வகத்தில்தான் உறுதிசெய்ய முடியும்.

எண்ணெய் ஊறிய பொடியைக் குவித்து வைத்தால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும்; மூடியுள்ள உலோகக் கலத்தில் கட்டடத்துக்கு வெளியே வைக்கவும்.