கறுப்பு முக்கோணமெல்லாம் சுறாப் பல் அல்ல

கொழும்பின் வெள்ளவத்தைக் கடற்கரையில் நான் முதன்முதலாகப் பெருமையோடு பொறுக்கியெடுத்த ‘சுறாப் பல்’, நண்டுக் கொடுக்கின் நுனி. கறுப்பு, பளபளப்பு, கூர்மை, வேறென்ன வேண்டும்? மீன் விற்கும் அண்ணர் அதைத் திருப்பிப் பார்த்தார். “வெறும் கோதுதானே தம்பி. வேர் எங்கே?”

அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். பல்லின் மேற்பகுதி கண்ணாடிபோல் வழுவழுப்பானது. வேரோ மங்கலாக, நுண்துளைகளோடு சொரசொரப்பாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் கோடு தெளிவாகத் தெரியும். சிப்பி ஓட்டின் உடைசலில் அடுக்கடுக்கான வரிகள் இருக்கும். அலையில் வேர் உடைந்துபோயிருந்தால், ஓரத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். அரம்போல் உரசினால் நல்ல அறிகுறி. உரசாவிட்டால் உடனே எறிந்துவிட வேண்டாம். அரப்பல் இல்லாத சுறாக்களும் உண்டு.

அடுத்த தவறு, புளோரிடாவின் வெனிஸ் கடற்கரைப் படங்களைப் பார்த்துவிட்டு இங்கே கறுப்பைத் தேடுவது. அங்கே கிடைப்பவை புதைபடிவங்கள். பல இலட்சம் ஆண்டுகள் படிவுகளுக்குள் கிடந்து, கனிமம் ஊறிக் கறுத்தவை. கொழும்புக் கரையின் அடிப்பாறையோ சுறா இனத்தைவிடப் பழையது. அதற்குள் பல் எப்படி இருக்கும்? அப்படிப் பல் புதைந்திருக்கக்கூடிய மயோசீன் காலச் (ஏறத்தாழ 2.3 கோடி முதல் 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய) சுண்ணக்கல் பெரும்பாலும் புத்தளம், யாழ்ப்பாணப் பக்கம் இருக்கிறது. கொழும்புக் கரையில் வெள்ளை, பால்நிறப் பற்களைத் தேடுங்கள். கறுப்பாக ஒன்று அகப்பட்டாலும், நிறத்தை வைத்து வயதைச் சொல்லிவிட முடியாது. கிடந்த இடமும் சாட்சியாகாது: பக்கத்துக் கல்கிசையில் 2020இல் கடலடி மணலை அள்ளிக் கொட்டினார்கள்.

வற்று நேரத்துக்காகக் காத்திருப்பதும் இரவல் அறிவுரைதான். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இல்லை. அலை ஓய்ந்தபின் சிப்பித்தூள் ஒதுங்கிய வரிசையைக் கிளறுவதே பலன் தரும். கரையோரமாகப் போகும் தண்டவாளத்தில் நடந்துகொண்டு தேடாதீர்கள். கடல் இரைச்சலில் ரயில் வருவது கேட்காது.

பெயர் சூட்டுவதிலும் அவசரம் வேண்டாம். பல சுறாக்களுக்கு மேல்தாடைப் பல் அகன்றும் கீழ்தாடைப் பல் ஒடுங்கியும் இருக்கும். புதியவர்கள் இரண்டு இனம் என்று எழுதிவிடுவார்கள். புலிச்சுறாவின் பல் ஓரளவு எளிது: சேவற்கொண்டைபோல் ஒருபக்கம் சாய்ந்து, பின்புறம் ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும்.

வெளுக்க வைக்கிறேன் என்று தேசிக்காய்ச் சாற்றிலோ வினாகிரியிலோ ஊறப்போடாதீர்கள். புளிப்பு வேரைத்தான் முதலில் அரிக்கும். நல்ல தண்ணீரும் பழைய பற்தூரிகையும் போதும்.