கேம் கடைக்காரங்க பண்ற தப்புங்க: பெட்டி மேல இருக்கற 18 பாகத்தோட நம்பர் இல்லைங்க

ஓணத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி கேரளா பார்டர்ல இருக்கற கொழிஞ்சாம்பாறைல நம்ம கடைக்கு ஒரு பெரியவர் பேரனைக் கூட்டிட்டு வந்தார், பையனுக்கு பத்து வயசு இருக்கும். "தம்பி, என்ற பேரன் அந்தக் காரோட்டுற கேம் வேணுங்கறான், இருக்குதுங்களா?"ன்னார். பையன் கை ஏற்கனவே ஜிடிஏ 5 மேல இருக்கு. கடைல அன்னிக்கு நல்ல கூட்டம், இருக்குதுங்கய்யான்னு செகண்ட் ஹேண்ட் டிஸ்க் ஒண்ணை எடுத்துக் குடுத்துட்டு காசை கல்லாவுல போட்டுட்டேன். காரோட்டுற கேம்தான்னு தலையாட்டினது பொய்யும் இல்ல பாருங்க, கார் ஓட்டலாம்தான்.

நாலு நாள் கழிச்சு பையனோட அம்மா வந்தாங்க. சத்தம் போடல. டிஸ்க் பெட்டியை டேபிள் மேல வெச்சு, மூலைல 18ன்னு போட்டிருந்த சிவப்புக் கட்டத்துல விரலை வெச்சு, "ஏனுங்ண்ணா, எங்க மாமா இதைப் பதினெட்டாம் பாகம்னு நெனச்சு வாங்கியிருக்கார், உங்களுக்கும் அப்படித்தானா?"ன்னாங்க. சோறு போட்டு எடுத்துட்டுப் போனப்ப டிவில ஓடினது டான்ஸ் கிளப் சீனாம். அதுக்கு மேல அவங்க எதுவும் சொல்லல, நானும் கேக்கல.

அன்னிக்கு எனக்குப் புரிஞ்சதையும் அதுக்கப்புறம் பக்கத்துக் கடைங்கள்ல பார்த்ததையும் சேர்த்து எழுதுறேன், கேம் விக்கிறவங்களும் வாங்கிக் குடுக்குறவங்களும் படிங்க.

முதல் தப்பு அந்த நம்பரைப் பாகம்னோ, கேம் எவ்வளவு கஷ்டம்னு சொல்ற நம்பர்னோ நினைக்கிறது. அது வயசு. நம்ம பக்கம் வர்ற டிஸ்க்ல பெரும்பாலும் ஐரோப்பாவோட பெகி நம்பர் இருக்கும், 3, 7, 12, 16, 18ன்னு. 3, 7 பச்சை, 12, 16 ஆரஞ்சு, 18 சிவப்பு. சிலதுல அமெரிக்காவோட ஈஎஸ்ஆர்பி எழுத்து இருக்கும், அதுல டீ (T)ன்னா 13க்கு மேல, எம் (M)ன்னா 17க்கு மேல. ஒரே கேமுக்கு ஒரு பெட்டில 17ன்னும் இன்னொண்ணுல 18ன்னும் வர்றது இதனாலதான், யாரும் ஏமாத்தல. பெட்டியைத் திருப்பிப் பாருங்க, பெகில குட்டிக் குட்டி படம் இருக்கும். மடக்கின கைன்னா அடிதடி, எட்டுக்கால் பூச்சின்னா பயமுறுத்துற சமாச்சாரம், ஊசின்னா போதை. இங்கிலீஷ் தெரியாத தாத்தாவுக்கும் அதை விரல் வெச்சுக் காட்டிடலாம், பத்து செகண்ட் வேலை.

ரெண்டாவது தப்புதான் நான் ரொம்ப வருசம் பண்ணினது. "சட்டமா இருக்கு? நம்மளை யார் கேக்கப் போறா?" சிகரெட்டை 18 வயசுக்குக் கீழ விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, பெட்டிக்கடைல போர்டே தொங்குது. சினிமாவுக்கு சென்சார் போர்டு இருக்கு. டிஸ்க்ல வர்ற கேமுக்கு அந்த மாதிரி தனி போர்டு நம்ம நாட்டுல இல்ல, உண்மைதான். ஆனா அமெரிக்காவுலயும் கடைக்காரனைக் கட்டாயப்படுத்துற சட்டம் இல்லைங்க. கலிஃபோர்னியால வன்முறை கேமை 18க்குக் கீழ வித்தா 1000 டாலர் வரைக்கும் அபராதம்னு 2005ல ஒரு சட்டம் போட்டாங்க, 2011ல அவங்க சுப்ரீம் கோர்ட் பேச்சுரிமைக்கு எதிரானதுன்னு 7க்கு 2ன்னு அதைத் தூக்கி எறிஞ்சிருச்சு. அப்ப அங்க யாரு வேணா எதை வேணா வாங்கிட்டுப் போறானான்னா அதுவும் இல்ல. அங்க எஃப்டிசின்னு ஒரு அரசு அமைப்பு 13லேர்ந்து 16 வயசுப் பசங்களைப் பெரியவங்க துணையில்லாம கடைக்கு அனுப்பி எம் போட்ட கேமைக் கேக்கச் சொல்லி சோதிச்சுது. 2000ல நூத்துக்கு 85 பேர் கைல குடுத்துட்டாங்க, 2013ல வெளியிட்ட கணக்குல அது 13 ஆகிருச்சு. சட்டத்துக்குப் பயந்து இல்ல, ஐடி கேக்கணும்னு கடைங்களே விதி வெச்சு, பில் போடுற பையனுக்கு சொல்லிக் குடுத்துப் பழக்கினதுதான். பிரிட்டன் வேற ரூட், அங்க 2012லேர்ந்து 12, 16, 18 போட்ட டிஸ்க்கை அந்த வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு வித்தா குற்றம்.

"நான் குடுக்கலேன்னா பஸ் ஏறி பொள்ளாச்சில வாங்கிப்பான்"ங்கறது நம்ம பார்டர் கடைங்களோட ரெடிமேட் பதில். வாங்கட்டுமே. பஸ் ஏறிப் போற பத்து வயசுப் பையன் எத்தனை பேரு?

மூணாவது, கூட பெரியவர் வந்துட்டா நம்ம வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறது. பெரியவர் வந்திருக்கறதும் அவருக்கு விசயம் தெரிஞ்சிருக்கறதும் ஒண்ணில்ல. "அய்யா, இதுல காரோட சேத்து சுடுறது, ரத்தம், பொம்பளைங்க டான்ஸ், கெட்ட வார்த்தை எல்லாம் இருக்குதுங்க, பெரியவங்க ஆடுறது"ன்னு ஒரு வரி சொல்லிட்டா போதும், அதுக்கப்புறமும் வாங்கினா அது அவங்க வீட்டு முடிவு. நம்ம ஊர்ல தமிழ்ல சொல்லுங்க, தேவைப்பட்டா மலையாளத்துலயும் சொல்லுங்க, பையன் முன்னாடியே சொல்லுங்க. பையன் மூஞ்சி சுருங்கும், அது போகட்டும்.

இன்னொண்ணு யாரும் பேசறதே இல்ல. செகண்ட் ஹேண்ட் டிஸ்க்கை ஒரிஜினல் பெட்டி உடைஞ்சதுன்னு வெறும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, மேல ஸ்கெட்ச் பேனால பேரை மட்டும் எழுதி வெச்சிருப்போம். பெட்டி போச்சுன்னா அதோட பின்பக்கத்துப் படம், விவரம் எல்லாம் போச்சு. ஹார்ட் டிஸ்க்ல கேம் ஏத்திக் குடுக்குறவங்க கதை இன்னும் மோசம், லிஸ்ட்ல பேரு மட்டும்தான் இருக்கும், பையன் டிக் பண்ணிக் குடுப்பான், நாம ஏத்திக் குடுப்போம். அது திருட்டு காப்பிங்கறது தனிப் பஞ்சாயத்து. நான் இப்ப ஸ்கெட்ச் பேனாவாலயே 18ன்னு பெருசா வட்டம் போட்டு எழுதி மேல் தட்டுல ஏத்தி வெச்சிடறேன்.

மீசையைப் பார்த்து வயசு சொல்றது, "உனக்கு எத்தனை வயசுடா"ன்னு அவன்கிட்டயே கேக்கறது, இதெல்லாம் வேலைக்கு ஆகாது. சந்தேகம் வந்தா ஐடி கேளுங்க, அவ்வளவுதான்.

அதுக்காக எதிர்ப்பக்கம் சாஞ்சு எல்லா கேமும் கெடுதின்னு பேசறதும் தப்புதான். மைன்கிராஃப்டுக்கு பெகில 7, ஃபுட்பால் கேம் ஃபிஃபாவுக்கு 3. துப்பாக்கி இருக்கற ஃபோர்ட்நைட்டே 12தான். 18ஐ எடுத்து வெச்ச கையோட இதுல ஒண்ணை நீட்டுங்க, வியாபாரமும் போகாது. அந்தம்மாகிட்ட ஜிடிஏவைத் திருப்பி வாங்கிட்டு நான் குடுத்தது ஃபிஃபாதான், பையன் வீட்டுல பழையது ஒண்ணு வெச்சு ஆடிட்டிருந்தானாம், புதுசைப் பார்த்ததும் கொஞ்சம் சமாதானம் ஆனான்.

கடைசியா அவங்க கேட்டாங்க, "பிஎஸ்4 மெஷின்லயே பூட்டு போட முடியாதுங்களா?" முடியும். குழந்தைக்குன்னு தனி அக்கவுண்ட் திறந்து வயசு அளவு செட் பண்ணிட்டா 18 டிஸ்க்கை உள்ள போட்டாலும் அந்த அக்கவுண்ட்ல ஓடாது. மறுநாள் மெஷினைக் கொண்டு வந்தாங்க, விஷுவுக்கு நம்ம கடைலதான் வாங்கினது. அக்கவுண்ட்டைத் திறந்து பார்த்தா பிறந்த தேதி 1-1-1990ன்னு இருக்கு. போட்டது நான்தான். சீக்கிரம் முடியட்டும்னு எல்லா மெஷினுக்கும் அதே தேதியைத்தான் தட்டி விடுவேன், எங்க லைன்ல பாதிப் பேர் அப்படித்தான், மெஷின் பாவம் பத்து வயசுப் பையனை முப்பதைத் தாண்டின ஆளுன்னு நெனச்சு எல்லாத்தையும் திறந்து விட்டிருக்கு.

அம்மா பேர்ல ஒரு அக்கவுண்ட், அதுக்குக் கீழ பையனுக்கு ஒண்ணுன்னு புதுசா திறந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு, காசு எதுவும் வாங்கல. பழைய அக்கவுண்ட்டை அழிச்சப்ப அதுல இருந்த சேவ் எல்லாம் போயிருச்சு. பழைய ஃபிஃபால ரெண்டு மாசமா ஏத்தி வெச்சிருந்த டீம் போச்சேன்னு பையன் ஸ்டூல்ல உக்காந்து அழுதுட்டே இருந்தான், அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.