ஆத்துச் சிப்பி எண்ணப் போறீங்களா, குட்டிச் சிப்பிய விட்றாதீங்க

சின்ன வயசுல தாமிரபரணில சிப்பி பொறுக்கி, கல்லுல தேச்சு ஓட்டை போட்டு மாங்காத் தோல் சீவியிருக்கோம். இன்னைக்கு அந்தச் சிப்பி எத்தனை இருக்குன்னு யாராவது எண்ணிட்டே இருக்கணும்.

ஐப்பசி கார்த்திகைல ஆத்துல இறங்காதீங்க, தண்ணி கலங்கலா இருக்கும், இழுப்பும் ஜாஸ்தி. பங்குனி சித்திரைல முழங்காலளவு தெளிஞ்சு ஓடும்போது போங்க. பாபநாசத்துக்கு மேல களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாம போகக்கூடாது, அதனால புதுசா ஆரம்பிக்கிறவங்க முக்கூடல், சேரன்மகாதேவி பக்கம் இடம் பாருங்க.

பிவிசி பைப்ல அரை மீட்டருக்கு அரை மீட்டர் சட்டம், சல்லடை, நீளம் அளக்குற வெர்னியர் கருவி, நோட்டு, இவ்ளோதான். சட்டத்த ஆத்து அடில போட்டு அதுக்குள்ள இருக்கிற சிப்பிய மட்டும் எண்ணணும். சிப்பி தெரியுற இடமாப் பாத்து சட்டத்தப் போட்டா கணக்கு பொய்யாயிரும். கரைல இருந்து உள்ள கயிறு கட்டி, ரெண்டு மீட்டருக்கு ஒண்ணுன்னு போட்டுட்டே போங்க, அடுத்த வருஷமும் அதே இடம், அதே மாசம், அதே முறை.

குனிஞ்சு பாருங்க, மணல்ல ரெண்டு சின்ன வாய் மாதிரி திறந்திருக்கும், அதுதான் சிப்பி தண்ணிய உள்ள இழுத்து வெளிய விடுற வழி, விரல் கிட்டப் போனதும் டக்குன்னு மூடிக்கும். எடுத்து வாளித் தண்ணில போட்டு நீளத்த அளந்து எழுதுங்க, உயிரோட இருக்கான்னு பாக்க ஓட்டப் பிளக்காதீங்க, செத்துரும். திரும்ப வைக்கும்போது அந்த வாய்ப் பக்கம் மேல, மத்த பக்கம் மணலுக்குள்ள. வெறும் ஓட்டத் தனியா எண்ணுங்க, உள்பக்கம் பளபளன்னு இருந்தா செத்து ரொம்ப நாள் ஆகல.

இனிமேதான் முக்கியமான வேலை, பாதிப் பேரு செய்யாம விடுறதும் இதத்தான். சட்டத்துக்குள்ள இருக்கிற மணல அரையடி அள்ளிச் சலிங்க, நகத்தளவு குட்டிங்க அங்கதான் புதைஞ்சு கிடக்கும். பெரிய சிப்பி பல வருஷம் உயிரோட இருக்கும், அதனால இனப்பெருக்கம் நின்னு போனாலும் எண்ணிக்கை நல்லா இருக்கிற மாதிரியே தெரியும், முதல் வருஷம் நானும் பெருச மட்டும் எண்ணிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போனேன். சிப்பியோட லார்வா, அதாவது கண்ணுக்குச் சரியாத் தெரியாத இளங்குஞ்சு, மீன் செவுள்லயோ துடுப்புலயோ ஒட்டித்தான் வளரும், மீன் அணைக்கட்டு தாண்ட முடியலன்னா சிப்பியும் மேல பரவாது, மணல அள்ளிட்டா குட்டி தங்க இடமே இல்ல. அதனால அங்க என்ன மீன் திரியுதுன்னும் எழுதுங்க.

ஒண்ணுமே கிடைக்காத சட்டத்துக்கும் பூஜ்யம்னு போடுங்க, வெறுமனே விட்டா அங்க தேடவே இல்லன்னு அடுத்து வர்றவங்க நினைச்சிருவாங்க.