தலையங்கத்தில் தொடங்காதீர்கள்: படித்தே ஆங்கிலச் சொல் சேர்க்க நினைப்பவர்களுக்கு

திருப்பூரில் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடிப் படிக்கிற இடத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பனியன் கம்பெனி ஆட்கள். சரக்கு வாங்குகிற பையர் அனுப்பும் ஆங்கில மெயில் புரியும். ஒரு புத்தகத்தை எடுத்து முடிக்க வராது. டியூஷனுக்கு நேரமில்லை, படித்தே சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று வருகிறார்கள். நல்ல வழிதான். ஆனால் அந்தக் காலத்தில் நாங்கள் இடறிய கல்லிலேயே இவர்களும் வந்து இடறுகிறார்கள். தினமும் படி, விட்டு விட்டுப் படிக்காதே என்பதெல்லாம் தெரிந்த கதை, அதை விட்டுவிடுகிறேன்.

தலையங்கத்தில் தொடங்குவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. "இங்கிலீஷ் வரணுமா? பேப்பர்ல எடிட்டோரியல் படி." கோபி, பல்லடம், பொள்ளாச்சி, எங்கே போனாலும் யாரோ ஒரு மாமா இதைச் சொல்லியிருப்பார். அவர் படித்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

அப்படித்தான் ஒரு தம்பி தலையங்கங்களை வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தார். வரிக்கு இரண்டு மூன்று அடிக்கோடு. ஒவ்வொன்றுக்கும் மேலே பென்சிலில் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம். இடம் போதாதவை அம்புக்குறி போட்டு ஓரத்துக்குப் போயிருந்தன.

"எதைப் பத்தி எழுதியிருக்காங்க தம்பி?"

"வட்டி விகிதம் பத்திங்கண்ணா."

அதுவும் தலைப்பைப் பார்த்துச் சொன்னது. வட்டி ஏறுகிறதா இறங்குகிறதா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அவரே முந்தின வாரம் அர்த்தம் எழுதிய சொல்லை வேறு தாளில் எழுதிக் காட்டினேன், அதுவும் தெரியவில்லை. இப்படியே கொஞ்ச நாள் மல்லுக்கட்டிவிட்டு, "நமக்கு இங்கிலீஷ் வராதுங்க" என்று ஒதுங்கிவிடுவார்கள். தாளைக் குறை சொல்ல மாட்டார்கள், தன்னைத்தான் சொல்லிக்கொள்வார்கள். எத்தனையோ பேர் அப்படிப் போய்விட்டார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 250 சொல் என்று வையுங்கள். துணையில்லாமல் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருப்பது நல்லது என்கின்றன ஆய்வுகள். அதாவது பக்கத்தில் தெரியாதது ஐந்தே ஐந்து. நூற்றுக்கு 90 தெரிந்தவருக்கே அது 25 ஆகிவிடும். அக்கம்பக்கத்துச் சொற்களும் தெரியாதபோது எதை வைத்து ஊகிப்பது? செய்தித்தாளை அந்த 98 அளவில் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கிற வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை என்று நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் கணக்கிட்டார். மெயிலில் புழங்குகிற ஆயிரத்துச் சொச்சத்தோடு அதில் இறங்குவது, நீச்சல் தெரியாதவனைச் சுரைப்புருடை கட்டாமல் கிணற்றில் தள்ளுகிற மாதிரி.

இதற்கு மருந்து புதிதும் இல்லை, தூரத்துச் சரக்கும் இல்லை. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் டாக்காவில் வேலை பார்த்த மைக்கேல் வெஸ்ட், வங்காளப் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களில் புதுச் சொற்கள் அடுக்கடுக்காக வந்து விழுவதைக் கண்டார். அரிய சொற்களை எடுத்துவிட்டுப் புழக்கத்தில் உள்ளவற்றைப் போட்டார். புதுச் சொற்களை இடைவெளி விட்டு, திரும்பத் திரும்ப வரும்படி எழுதினார். இன்று கடையில் கிடைக்கும் படிநிலைக் கதைப் புத்தகங்கள் அந்த வழியில் வந்தவைதான். ஆக்ஸ்ஃபோர்டு புக்வோர்ம்ஸ் வரிசையில் முதல் நிலை 400 சொல், ஆறாம் நிலை 2,500. கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடையிலோ ஈரோடு புத்தகத் திருவிழாவிலோ புத்தகம் எடுத்தால் நடுப்பக்கத்தைத் திறந்து தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். ஒரு கை நிரம்பிவிட்டால் திருப்பி வைத்துவிடுங்கள்.

சொல்லுக்குச் சொல் செல்போனைத் தடவுவது

அர்த்தம் கிடைக்கும், கதை நழுவும். அப்புறம் வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் கண்ணில் படும், அன்றைய படிப்பு அதோடு சரி. ஒரே சொல் மூன்றாவது தடவையும் வந்து வழியை மறித்தால் பாருங்கள். மற்றதைத் தாண்டிப் போங்கள்.

பிடிக்காத புத்தகத்தை முடித்தே தீருவது

காசு போட்டது போட்டதுதான். மூடி வையுங்கள்.

சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது

பரீட்சை இருந்தால் செய்யுங்கள்.

குழந்தைப் புத்தகம் என்று கூச்சப்படுவது

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளில் கதைகள் இலவசமாகக் கிடக்கின்றன. பிள்ளைக்குப் படித்துக் காட்டுகிற சாக்கில் நீங்கள் படியுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?

இன்று ஒன்று, நாளை வேறொன்று

ஒரு சொல் ஒரு தடவை கண்ணில் பட்டதும் ஒட்டிக்கொள்ளாது. பல இடங்களில், பல தடவை எதிர்ப்பட வேண்டும். திங்கள் பேய்க்கதை, செவ்வாய் பங்குச்சந்தை என்று தாவினால் அது மறுபடி வருவதற்குள் மறந்திருக்கும். கொஞ்ச காலம் ஒரே ஆசிரியர், இல்லாவிட்டால் ஒரே விஷயம் என்று இருங்கள். செய்தித்தாளை விடவே மனசில்லை என்றால் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள். ராத்திரி டிவியில் முழு மேட்சையும் பார்த்தவருக்குக் காலையில் அதே மேட்சின் ரிப்போர்ட்டில் யார் எப்படி அவுட் ஆனார் என்பது முன்பே தெரியும். தெரியாத சொல்லுக்கு அந்த ஆட்டமே அர்த்தம் சொல்லிவிடும். அடுத்த மேட்சுக்கும் பெரும்பாலும் அதே சொற்கள்தான் வரும்.