கார்கசோன் கோட்டையின் வரலாற்றைச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் தென்பகுதியில், ஓத் ஆற்றை ஒட்டிய மேட்டில் இரட்டை மதில் சூழ நிற்கிறது கார்கசோன் கோட்டை நகரம். மதில்களின் நீளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர், கொத்தளங்கள் 52. உள்ளே பழைய பிரபுக்களின் அரண்மனைக் கோட்டை, புனித நசேர் தேவாலயம், குறுகலான தெருக்கள். 1997 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. இவ்வளவு புகழ்பெற்ற இடத்தைப் பற்றித்தான் பிழையான செய்திகளும் அதிகம் உலவுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைத்தவை: கோட்டை முழுவதையும் ஏதோ ஒரு காலத்தின் கட்டடமாக எண்ணிக்கொள்வது.

"12ஆம் நூற்றாண்டுக் கோட்டை" என்று ஒரே வரியில் எழுதிவிடுவது முதல் தவறு. உள்மதிலின் வடபகுதியில் உற்றுப் பார்த்தால் சிறுசிறு சதுரக் கற்களின் வரிசைகளுக்கு நடுவே சிவந்த செங்கல் பட்டைகள் ஓடுவது தெரியும். அங்குள்ள கொத்தளங்கள் வெளிப்புறம் வளைந்தும் உட்புறம் தட்டையாகவும் குதிரை லாட வடிவில் இருக்கும். இவை ரோமப் பேரரசின் பிற்காலத்தவை. 3, 4ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. 5ஆம் நூற்றாண்டில் வந்த விசிகோத்துகள் என்ற ஜெர்மானிய இனத்தவர் கட்டியவை என்றே 19ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள். இன்றும் பல கட்டுரைகளில் அந்த "விசிகோத்துக் கொத்தளங்கள்" தொடர்கின்றன. அவர்கள் இந்த மதிலைப் பயன்படுத்தினார்கள், பழுதும் பார்த்தார்கள், எழுப்பியவர்கள் ரோமானியர்கள்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, அடியில் இருப்பதெல்லாம் பழையது, மேலே இருப்பதெல்லாம் புதியது என்று கணக்குப் போடுவது. கார்கசோனில் சில இடங்களில் இது தலைகீழ். 13ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசர்கள் வெளிமதிலை எழுப்பியபோது, இரு மதில்களுக்கும் இடைப்பட்ட வெளியைச் சமன்படுத்த மண்ணை வெட்டித் தாழ்த்தினார்கள். அதனால் ரோமானியக் கொத்தளங்களின் அடித்தளமே வெளியே தெரிந்துவிட்டது. அவை சரியாமலிருக்க, கீழே புதிதாகக் கல் கட்டித் தாங்கினார்கள். ஆக, மேலே இருப்பது ரோமானியம், அதைத் தாங்குவது அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் பிந்திய கட்டு. அன்றைய கொத்தர்களின் துணிச்சலை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. இந்த மதிலில் நான் எல்லாரையும் நின்று பார்க்கச் சொல்லும் இடம் இதுதான். கிழக்கிலுள்ள முதன்மை வாயிலான நர்போன் வாயிலில் முகப்பு புடைத்த பெரிய கற்கள் தெரிந்தால், அது 1270 முதல் 1285 வரை ஆண்ட மூன்றாம் பிலிப்பின் காலத்து வேலை என்று கொள்ளலாம்.

அடுத்தது கார்காஸ் அம்மையாரின் கதை. பேரரசர் சார்லமேன் ஐந்து ஆண்டுகள் முற்றுகையிட்டாராம். உள்ளே இருந்த சரசேனிய (முஸ்லிம்) அரசி கார்காஸ், மிச்சமிருந்த கோதுமையை ஒரு பன்றிக்கு ஊட்டி அதை மதிலுக்கு வெளியே வீசச் செய்தாராம். உணவுக்குப் பஞ்சமில்லை போலும் என்று எண்ணிப் படை திரும்பியதாம். சுவையான கதைதான். ஆனால் இப்பகுதியை 759இல் முஸ்லிம் ஆட்சியாளர்களிடமிருந்து கைப்பற்றியவர் சார்லமேனின் தந்தை பெப்பின். சார்லமேன் அப்போது சிறுவன். கதையைக் கதையென்றே சொன்னால் குறையொன்றும் இல்லை.

1209ஆம் ஆண்டைப் பற்றிய தவறுகளை அப்படிக் கடந்துபோக முடியாது. அங்கே உண்மையான மனிதர்களின் துயரம் இருக்கிறது. காதார்கள் என்ற கிறித்தவப் பிரிவினரை ஒழிக்கப் போப் மூன்றாம் இன்னசென்ட் அறிவித்த சிலுவைப் போர் அது. சிலுவைப்படை மதிலை உடைத்து நுழைந்து ஊரையே வெட்டிச் சாய்த்தது என்று பலர் எழுதுகிறார்கள். அந்தப் படுகொலை நடந்தது ஜூலை 22 அன்று பெசியே நகரில். "எல்லாரையும் கொல்லுங்கள், தன்னவரைக் கடவுள் அறிவார்" என்ற புகழ்பெற்ற வாசகமும் பெசியேவைப் பற்றியதே. அதையும் சில ஆண்டுகள் கழித்து ஜெர்மானியத் துறவி ஒருவர்தான் எழுதிவைத்தார்.

கார்கசோனில் நடந்தது வேறு. ஆகஸ்ட் மாதக் கடும் வெயில். ஆற்றுக்குப் போகும் வழி அடைபட்டது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து அடைக்கலம் வந்தவர்களால் நகரம் நிரம்பியிருந்தது, கிணறுகள் வற்றின. நகரை ஆண்ட பிரபு ரேமோன் ரோஜே திரான்கவெலுக்கு அப்போது வயது 24. பிரனேய் மலைகளுக்குத் தெற்கே, இன்றைய ஸ்பெயினிலிருந்த அரகோன் நாட்டின் மன்னர் இரண்டாம் பெத்ரோ சமாதானம் பேச வந்தார். பதினொரு பேருடன் பிரபு மட்டும் வெளியேறலாம் என்றார்கள் முற்றுகையிட்டவர்கள். தன் மக்களை விட்டுப் போக அவர் மறுத்தார். பின்னர் பேச்சுவார்த்தைக்குச் சென்ற இடத்தில் சிறைப்பிடிக்கப்பட்டு, நவம்பரில் சிறையிலேயே இறந்தார். மக்கள் உயிர் தப்பினார்கள். உடுத்த துணியைத் தவிர எதையும் எடுத்துச்செல்ல விடாமல் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். திரான்கவெலின் பட்டமும் நிலமும் சிமோன் தெ மோன்ஃபோர் என்ற வட பிரான்சுப் பிரபுவிடம் போயின. இதை வெறும் "கோட்டை வீழ்ந்தது" என்று சுருக்கிவிடுவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

"காதார்களின் கோட்டை" என்ற அடைமொழி சுற்றுலாவுக்கு நன்றாக விற்கிறது, வரலாற்றுக்குப் பொருந்தவில்லை. திரான்கவெல் குடும்பம் காதார்களைச் சகித்துக்கொண்டது. அதற்காக நகரமே காதார் நகரம் ஆகிவிடாது. இன்று நாம் பார்க்கும் அரண்களில் பெரும்பகுதி, அவர்களை ஒடுக்கிய பிறகு, 1226இல் பிரெஞ்சு அரசர் எட்டாம் லூயி நகரைத் தன் ஆட்சிக்குள் கொண்டுவந்ததற்குப் பின் எழுந்தவை. தெற்கே மலைமுகடுகளில் நிற்கும் கெரிபுஸ், பெய்ர்பெர்துஸ் போன்ற கோட்டைகளுக்கும் இதே அடைமொழி ஒட்டிக்கொண்டது. அவற்றின் இன்றைய வடிவமும் அரகோன் எல்லையைக் காக்கப் பிரெஞ்சு அரசு உருவாக்கியதே.

இதற்குக் கார்கசோனிலேயே ஒரு நல்ல சாட்சி உண்டு. பிரபுக்களின் கோட்டை 12ஆம் நூற்றாண்டில் திரான்கவெல்கள் கட்டியது. அதன் முன்னுள்ள அகழியும் அரைவட்ட முன்னரணும் பிரெஞ்சு அரசின் காலத்தவை. அவை எந்தத் திசையைப் பார்க்கின்றன? நகரத்தின் உட்புறத்தை! வெளிப் பகைவருக்கு இரண்டு மதில்கள் இருந்தன. இந்த அகழி உள்ளூர் மக்களைத் தடுக்கவே வெட்டப்பட்டது. பறித்த நகரத்தில் குடியேறிய ஆட்சியாளர்கள் யாருக்கு அஞ்சினார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் சொல்லாது.

அந்த அச்சம் வீணானதும் அல்ல. 1240இல், இறந்த பிரபுவின் மகன் படையுடன் வந்து கோட்டையை முற்றுகையிட்டார். புறநகர் மக்கள் அவருக்கு வாயில் திறந்தார்கள். வீடுகளுக்குள்ளிருந்தே மதிலை நோக்கிச் சுரங்கம் தோண்டினார்கள்; காவல்படை எதிர்ச்சுரங்கம் தோண்டித் தடுத்தது. அரச அதிகாரி கியோம் தெஸ் ஓர்ம் இதை விவரித்து அரசித்தாய் பிளான்ஷுக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. அரச படை வந்ததும் முற்றுகை கலைந்தது. புறநகர் தரைமட்டமாக்கப்பட்டது. "யாராலும் வெல்ல முடியாத கோட்டை" என்பவர்கள் 1209ஐ மறக்கிறார்கள். 1355இல் இங்கிலாந்தின் கறுப்பு இளவரசர் இதை வென்றார் என்பவர்களும் தவறுகிறார்கள். அவர் எரித்தது ஆற்றுக்கு அப்பாலிருந்த கீழ்நகரை. மேட்டுக் கோட்டையை அவர் தாக்கவில்லை.

கடைசியாக, கோட்டையைப் புனரமைத்த 19ஆம் நூற்றாண்டுக் கட்டடக் கலைஞர் வியொலே-லெ-துக். 1659இல் பிரான்ஸ்–ஸ்பெயின் எல்லை தெற்கே பிரனேய் மலைகளுக்கு நகர்ந்தபின் கோட்டைக்கு வேலையில்லாமல் போனது. கற்கள் பெயர்த்து விற்கப்பட்டன. 1850 வாக்கில் இடிந்து மறையும் நிலைக்கு வந்தது. உள்ளூர் வரலாற்றாளர் குரோ-மைரவியேயும் நினைவுச்சின்னங்களின் ஆய்வாளர் மெரிமேவும் போராடியதால் தப்பியது. 1853 முதல் 1879இல் இறக்கும்வரை வியொலே-லெ-துக் புனரமைப்பை நடத்தினார். இவரை வைத்து இரண்டு எதிரெதிர்த் தவறுகள். கூம்புக் கூரைகளைப் பார்த்து "அசல் இடைக்காலம்" என்பது ஒன்று. "எல்லாமே போலி" என்பது இன்னொன்று. அவர் கைவைத்ததில் பெரும்பகுதி கூரைகள், மதில் உச்சியின் பல்வரிசைகள், வாயில்கள். சுவர்களின் உடல் பழையது. கோட்டைச் சுவரில் தொங்கும் மரத் தாழ்வாரங்கள் அவர் செய்தவை. ஆனால் அவற்றின் உத்திரங்களைச் செருகும் துளைகள் இடைக்காலத்தவை. கரிய ஸ்லேட் கூரை தென்னாட்டு வழக்கமில்லை என்ற கண்டனம் அவர் காலத்திலேயே எழுந்தது. அரசருடைய கட்டடக் கலைஞர்கள் வடக்கிலிருந்து வந்தவர்கள் என்பது அவர் வாதம். 20ஆம் நூற்றாண்டில் ரோமானியக் கொத்தளங்களுக்கு மீண்டும் ஓடு வேய்ந்தார்கள்.

என் பார்வையில், அவரில்லாமல் இன்று இந்த மதில் இருந்திருக்காது. அதே சமயம், இரு மதில்களுக்கும் நடுவே குடிசை போட்டு வாழ்ந்த ஏழைகளின் வீடுகள் இந்தப் புனரமைப்பில் அகற்றப்பட்டதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒன்று. மேட்டு நகரின் தெருக்களுக்குக் கட்டணமில்லை. டிக்கெட் அரண்மனைக் கோட்டைக்கும் மதில் நடைக்கும்தான். அதோடு திரும்பிவிடாமல் பழைய பாலத்தைக் கடந்து கீழ்நகருக்கும் போங்கள். 1240க்குப் பிறகு வீடிழந்த புறநகர் மக்களுக்கு, 1247இல் ஒன்பதாம் லூயியின் அனுமதியோடு ஆற்றின் மறுகரையில் தொடங்கிய ஊர் அது. கட்டம் போட்டதுபோன்ற அதன் நேர்த்தெருக்களில்தான் பிற்காலத்தில் துணி வணிகம் செழித்தது. கார்கசோனின் அன்றாட வாழ்க்கை இன்றும் அங்கேதான் நடக்கிறது.