அம்மா அப்பாவை அமெரிக்காவுக்கே அழைத்துக்கொள்ள: கிரீன் கார்டும் மருத்துவச் செலவும், படிப்படியாக

அமெரிக்காவில் 65 வயதானால் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடைத்துவிடும் என்று நம்பி, ஊர் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் பெற்றோர் இன்னமும் இருக்கிறார்கள். கிடைக்கும், ஆனால் ஐந்து வருடம் கழித்து. அதுவரை ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்ன வழி என்பதைக் கிரீன் கார்டு மனு போடுவதற்கு முன்பே யோசித்துவிட வேண்டும்.

படி 1: மனு

மனு போடும் மகனோ மகளோ அமெரிக்கக் குடிமகனாக, 21 வயது நிரம்பியவராக இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பதே கிரீன் கார்டுதான் என்றால் பெற்றோருக்கு மனு போட முடியாது. ஐ-130 படிவத்தை அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட வேண்டும். பெற்றோருக்கு ஆண்டு ஒதுக்கீட்டு வரம்பு இல்லாததால், அண்ணன் தம்பிக்குப் போட்டதைப் போல வருடக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

அப்புறம் ஐ-864. உங்கள் வருமானம் வறுமைக்கோட்டைவிட 25 சதவீதமாவது கூடுதலாக இருக்கிறது, இவர்களை நான் பார்த்துக்கொள்வேன் என்று எழுதிக் கொடுக்கும் படிவம் இது. பெற்றோர் குடியுரிமை பெறும்வரையோ, 40 வேலைக் காலாண்டுகள் (சுமார் பத்து வருட வேலை) கணக்கில் சேரும்வரையோ அந்தக் கையெழுத்து உங்களைப் பொதுவாக விடாது. படித்துப் பார்த்துப் போடுங்கள்.

படி 2: ஊரிலேயே முடித்துவிட வேண்டியவை

பல், கண்புரை, காது மெஷின். இந்த மூன்றையும் முடித்துவிட்டு விமானம் ஏறச் சொல்லுங்கள். பின்னால் மெடிகேர் வந்தாலும், வழக்கமான பல் வைத்தியத்துக்கும் காது மெஷினுக்கும் அடிப்படை மெடிகேர் பணம் தராது. பழைய ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, மாத்திரைகளின் வேதிப்பெயர்ப் பட்டியல் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். நம்மூர் பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்குள்ள மருந்தாளர் விழிப்பார்.

ஊரில் எடுத்த ஹெல்த் பாலிசியை விட்டுவிடாதீர்கள். இங்கே உதவாதுதான். ஆனால் நடுவில் விட்டுவிட்டு, ஊர் திரும்பியதும் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க நேரலாம்.

படி 3: வந்த முதல் 60 நாள்

பெரும்பாலான கம்பெனிகளின் ஆபீஸ் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்க்க முடியாது. உடனே தோன்றுவது விசிட்டர் இன்ஷூரன்ஸ். என் அம்மா முதல்முறை சுற்றுலா விசாவில் வந்தபோது மலிவாக ஒன்றை எடுத்துவைத்தேன். ஒருநாள் தலைசுற்றல், எமர்ஜென்சி, ஸ்கேன். பழைய ரத்தக்கொதிப்பு என்று சொல்லிக் கம்பெனி கையை விரித்துவிட்டது. குடியேற வருபவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கிரீன் கார்டோடு வருபவர்கள் ஒபாமாகேர் என்று நாம் சொல்லும் மார்க்கெட்பிளேசில், அதாவது அரசு அமைத்த காப்பீட்டுச் சந்தையில், பாலிசி வாங்கலாம். அமெரிக்காவுக்குக் குடிவந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் சேர வேண்டும். தவறினால் வருடாந்தரப் பதிவுக்காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். சர்க்கரை, பைபாஸ், எது இருந்தாலும் மறுக்க முடியாது. வயதுக்காகப் பிரீமியம் கூட்டலாம், ஆனால் 21 வயதுக்காரர் கட்டுவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகக் கூடாது. நியூயார்க்கிலும் வெர்மான்டிலும் வயதைப் பார்த்து விலை வைப்பதே இல்லை. இரண்டு பிள்ளைகள் வெவ்வேறு மாநிலங்களில் இருந்தால், யார் வீட்டில் இருப்பது என்பதற்கு இதுவும் ஒரு கணக்கு!

பிரீமியத்துக்கு அரசு மானியம் உண்டு, ஆனால் 2026 முதல் விதி இறுகிவிட்டது. முன்பு கிரீன் கார்டு வாங்கிப் புதிதாக வந்தவர்களுக்கு, வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாலும் மானியம் கிடைத்தது. இப்போது இல்லை. 2026 பாலிசிக்கு, பிள்ளைகளோடு சேராமல், இருவரும் கூட்டாக வரி தாக்கல் செய்யும் தம்பதிக்கு வருட வருமானம் 21,150 டாலரிலிருந்து 84,600 டாலருக்குள் இருக்க வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் உலக வருமானத்தையே காட்ட வேண்டும் என்பதால் ஊர்ப் பென்ஷனும் வீட்டு வாடகையும் சேரும். சேர்ந்தும் 21,150 டாலர், அதாவது 18 லட்சம் ரூபாய்க்கு மேல், வருகிற ரிட்டயர்ட் ஆசிரியர்கள் எத்தனை பேர்? மானியம் இல்லையென்றால் முழுப் பிரீமியம் உங்கள் தலையில்தான். இருவருக்குமாக என்ன ஆகும் என்பதை உங்கள் பின்கோடைப் போட்டு மார்க்கெட்பிளேஸ் தளத்தில் இன்றைக்கே பாருங்கள். மனு போடும் முடிவையே அது மாற்றலாம்.

படி 4: தங்குவது

கிரீன் கார்டு என்பது இங்கே வசிப்பதற்காகக் கொடுப்பது. பேரன் பிறந்தநாளுக்கு வந்து போவதற்கு சுற்றுலா விசாவே போதும். ஆறு மாதத்துக்கு மேல் ஊரில் இருந்துவிட்டு வந்தால் விமான நிலையத்தில் கேள்வி வரும். ஒரு வருடத்தைத் தாண்டினால் அந்தக் கார்டைக் காட்டி உள்ளே வரவே முடியாது. நீண்ட நாள் போக வேண்டியிருந்தால் ஐ-131 படிவத்தில், திரும்பி வர அனுமதிக்கும் ரீஎன்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். பொதுவாக இரண்டு வருடம் செல்லும், ஆனால் விண்ணப்பிக்கும்போது அமெரிக்காவில் இருந்தாக வேண்டும். நிலத் தகராறுக்கு என்று போய் எட்டு மாதம் தங்கிவிட்டால், மெடிகேருக்கான ஐந்து வருடத் தொடர்ச்சியும் சிக்கலாகலாம்.

ஊர் பேங்க் கணக்குகளின் மொத்த இருப்பு வருடத்தில் ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் வெளிநாட்டுக் கணக்குகளை அமெரிக்க அரசுக்குத் தெரிவிக்கும் எஃப்பார் (FBAR) அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். ஆடிட்டரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 5: ஐந்தாம் வருடம்

65 வயதும், கிரீன் கார்டோடு ஐந்து வருடத் தொடர்ந்த வாசமும் இருந்தால் மெடிகேர் வாங்கலாம். ஆமாம், வாங்க வேண்டும். ஆஸ்பத்திரியில் படுப்பதற்கான பார்ட் ஏ, இங்கே பத்து வருடம் வேலை செய்தவருக்கும் அவர் துணைக்கும்தான் இலவசம். நீங்கள் கட்டிய வரி பெற்றோர் கணக்கில் சேராது. 2025இல் பார்ட் ஏ மாதம் 518 டாலர், டாக்டர் செலவுக்கான பார்ட் பி 185 டாலர். இருவருக்கும் சேர்த்து மாதம் 1,406. பெரும்பாலும் வருடாவருடம் இது ஏறும். பார்ட் பி மட்டும் தனியாக எடுக்கலாம். பார்ட் ஏ மட்டும் தனியாக வாங்க முடியாது. பார்ட் ஏ-க்குப் பணம் கட்ட வேண்டியவர்கள், மெடிகேரில் சேராமல், 65க்குப் பிறகும் மார்க்கெட்பிளேசிலேயே தொடரலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

சேரும் காலம் ஏழு மாதம்: தகுதி வரும் மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று. அதைத் தவறவிட்டு ஒரு வருடம் கழித்துப் பார்ட் பி எடுத்தால் பிரீமியம் 10 சதவீதம் கூடும், அதுவும் அந்தப் பாலிசி இருக்கும்வரை. கிரீன் கார்டில் வந்து இறங்கிய தேதியோடு நாலே முக்கால் வருடம் கூட்டி, போன் காலண்டரில் இன்றே போட்டுவையுங்கள்.